கரைந்துபோன அணையும் கரையாத காரும்

போன வருடம் அக்கா மகள் பள்ளிக் கண்காட்சிக்காகத் தெர்மாகோலில் கிருஷ்ணகிரி அணை செய்தாள். இரண்டு நாள் உழைப்பு. மதகுகளை எண்ணி எண்ணி வெட்டி, பூங்காவுக்குப் பச்சை வெல்வெட் பேப்பர் கூட ஒட்டியிருந்தாள். தென்பெண்ணைக்கு நீல நிறம் வேண்டுமென்று என் அலமாரியிலிருந்த ஸ்பிரே கேனை எடுத்து அடித்திருக்கிறாள். "மாமா, அணை கரையுது!" என்று ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆறு இருந்த இடத்தில் கரையான் அரித்தது போலப் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. அது ஓரங்களில் இன்னும் சுருங்கிக்கொண்டே போகிறது.

அந்தக் கேன் நான் பிளாஸ்டிக் மாடல் கார்களுக்கு அடிப்பது. அழுகை நின்றதும் அவள் கேட்டாள்: "அப்போ உங்க கார் மட்டும் ஏன் கரையல?"

கேள்வி சரியான கேள்வி. ஏனென்றால் தெர்மாகோலும் என் காரும் ஒரே பொருள். இரண்டுமே பாலிஸ்டைரீன். தெர்மாகோல் அதை ஊதிப் பொரிய வைத்தது. 100 பங்கில் 98 பங்கு காற்றுதான். கார் அதையே கெட்டியாக வார்த்தது. உண்மையைச் சொன்னால் என் காரும் கரையத்தான் செய்கிறது. எவ்வளவு கரையலாம், எத்தனை நொடி கரையலாம் என்பது நம் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பார்க்காதவர்களுக்காக: மாடல் கிட் என்று ஒரு பெட்டி வரும். திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். சட்டத்தின் குச்சிகளில் இன்ஜின், சீட், கண்ணாடிச் சட்டம், சக்கரம் என்று நூறு உருப்படிகளாவது காய்த்துத் தொங்கும். ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் உள்ளங்கையை விட நீளமான கார் கிடைக்கும். பெரும்பாலும் 24இல் ஒரு பங்கு அளவு. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு. அமெரிக்கக் கிட்கள் பல 25இல் ஒரு பங்கில் வரும். அங்கே ஏ.எம்.டி. என்ற கம்பெனி முதலில் கார் விற்பவர்களின் கடைகளுக்கு விளம்பரப் பொம்மைக் கார்கள் செய்து கொடுத்தது. 1958இல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம் என்று கிட் கொண்டுவந்தது: கம்பெனியில் வந்தபடி, நம் இஷ்டப்படி மாற்றி, அல்லது ரேஸ் கார். வாங்கியதை அப்படியே கட்டாமல் மாற்றிக் கட்டும் பழக்கம் அந்தப் பெட்டிகளோடு நன்றாக வேரூன்றிவிட்டது.

என் சித்தப்பா மகன் ஓசூரில் ஒரு மோல்டிங் கம்பெனியில் இருக்கிறான். அவனிடம் கிட் சட்டத்தைக் கொடுத்தால் காரைப் பார்க்க மாட்டான். "ரன்னர் நல்லா பேலன்ஸ் பண்ணியிருக்கான்ணா. கேட் பாரு, எவ்ளோ சின்னது" என்பான். ரன்னர் என்று அவன் சொல்லும் அந்தக் குச்சிகள் வெறும் பிடிமானம் இல்லை. உருகிய பிளாஸ்டிக் ஓடிவந்த வாய்க்கால்கள். கேட் என்பது வாய்க்காலிலிருந்து உருப்படிக்குள் திறக்கும் மடை. 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் பெரிய அழுத்தத்தில் செலுத்துவார்கள். வாய்க்கால் வழியே போய் ஒவ்வொரு வயலையும் நிரப்பி, சில நொடிகளில் இறுகிவிடும். இந்தப் பிளாஸ்டிக் ஆறும்போது நூற்றுக்கு அரை பங்கு அளவுதான் சுருங்கும் என்பதால், ஒரு மில்லிமீட்டர் கைப்பிடி கூடக் கூர்மையாக விழும். தடிமனான இடத்தில் மட்டும் உள்ளே மெதுவாக ஆறி, மேல்தோலை உள்ளே இழுத்துவிடும். அதுதான் சீட்டின் முதுகில் தெரியும் சின்னக் குழி. "சிங்க் மார்க். எங்க கம்பெனில இது வந்தா பீஸ் ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போய்விடுவான். நான் உட்கார்ந்து பட்டி பார்க்க வேண்டும்.

சரி, கரைவதற்கு வருவோம்.

மாடல் கார் ஒட்டும் பசை என்று ஒரு குட்டிப் பாட்டில் வரும். திறந்து பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும், பிசுபிசுப்பே கிடையாது. முதல்முறை வாங்கியபோது ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். உள்ளே இருப்பது பெரும்பாலும் பியூட்டைல் அசிடேட், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள். அதாவது கிட்டத்தட்ட தின்னர்.

காரின் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூடியோடு வரும் மெல்லிய தூரிகையால் சேர்மானக் கோட்டின் ஒரு முனையைத் தொட வேண்டும். தொட்ட கணமே திரவம் கோடு முழுக்க ஓடிவிடும். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கும் அதே நுண்புழை வேலை. இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு ஆசையாக ஓடும். இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கும் அங்கே கூழாகும். பாலிஸ்டைரீன் என்பது நூலாம்படை மாதிரி நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். கெட்டியாக இருக்கும்போது எந்தச் சங்கிலியும் நகராது. கரைப்பான் நடுவே புகுந்தால் அவை தளர்ந்து, இந்தப் பக்கத்துச் சங்கிலி அந்தப் பக்கம் போய்ப் பின்னிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கரைப்பான் ஆவியாகிவிடும், பின்னல் மட்டும் நிற்கும். காய்ந்த பிறகு அங்கே பசை என்று எதுவும் மிச்சமில்லை. இரண்டு துண்டும் ஒரே துண்டு.

லேசாக அழுத்தினால் கோட்டின் வழியே மெல்லிய கூழ் பிதுங்கி வரும். அது வர வேண்டும். மறுநாள் அதை வாட்டர் பேப்பரில் தேய்த்துவிட்டால் சேர்மானமே தெரியாது. தொட்டுப் பார்க்கத்தான் கூடாது. நான் தொட்டேன். ஒரு வெள்ளைக் காரின் கூரையில் என் கட்டைவிரல் ரேகை சுழி சுழியாக இன்றும் இருக்கிறது. திரவம் விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் உள்ள இடுக்கிலும் அதே ஆசையோடு ஓடும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

குரோம் பூசிய பம்பரை இதில் ஒட்ட முடியாது. அது வெற்றிடத்தில் அலுமினிய ஆவி படியவைத்த மெல்லிய படலம். கரைப்பானுக்கு அதில் வேலை இல்லை. ஒட்டும் இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும்.

பட்டியிலும் இதே சமாசாரம்தான். ட்யூபில் வரும் மாடல் பட்டி காய்வது என்றால் அதிலுள்ள கரைப்பான் வெளியேறுவது. வெளியேறும் அளவுக்கு அது சுருங்கும். மேலே காய்ந்துவிட்டதே என்று அன்றைக்கே தேய்த்து, பெயிண்டும் அடித்துவிட்டால், ஒரு வாரத்தில் மறைத்த கோடு பேய் மாதிரி மெல்ல எழும்பும். பைபாஸ் ஓரத்தில் டிங்கரிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் இதைப் புலம்பினேன். "தம்பி, நாங்க வண்டிக்குப் போடறது ஹார்ட்னர் கலக்கிற பட்டி. அது காயறதில்ல, செட் ஆகுறது" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் கொஞ்சம் வழித்துக் கொடுத்தார். அவர் சொன்னதில் வேதியியல் முழுசாக இருக்கிறது. அந்தப் பட்டியில் இருக்கும் திரவம் ஸ்டைரீன். ஹார்ட்னர் பட்டதும் அது பாலியெஸ்டரோடு பிணைந்து தானே கெட்டியாகிவிடுகிறது. பெரும்பகுதி எங்கேயும் போவதில்லை. அதனால் பிற்பாடு உள்வாங்குவதும் குறைவு. ஸ்டைரீன் பாலிஸ்டைரீனின் ஒற்றைக் கண்ணி என்பதால் பிளாஸ்டிக்கையும் லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. அன்றிலிருந்து என் வண்டிக்கும் அவர் பட்டிதான்.

இப்போது அக்கா மகளின் கேள்விக்குப் பதில். ஸ்பிரே கேனில் வருவதும் கரைப்பானில் கலந்த பெயிண்ட்தான். தெர்மாகோலின் சுவர்கள் சோப்பு நுரை மாதிரி மெலிசு. ஒரு துளி பட்டாலே அறை அறையாகக் கரைந்து உள்ளே இருக்கும் காற்று போய்விடும். என் காரின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். கரைப்பான் மேல்தோலைச் சற்றே நனைத்து, ஆழம் போவதற்குள் பறந்துவிடும். அந்தக் கடி நல்லதே, பெயிண்ட் உரியாது. ஆனால் கிட்டத்தில் வைத்து நனைய நனைய அடித்தால் கரைப்பான் தங்கிவிடும், பானெட் முழுக்க ஏரி வறண்ட மாதிரி வெடிப்பு வரும். அதற்குத்தான் முதலில் ப்ரைமர், பிறகு 15, 20 சென்டிமீட்டர் தள்ளி நின்று பனி பெய்தது போல மெல்லிய கோட்டுகள், நடுநடுவே பொறுமை.

பொறுமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிஜக் காரின் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் 0.004. மாடலில் நாம் சாதாரணமாக அதைப் போலப் பத்து மடங்கு போட்டுவிடுகிறோம். நிஜக் காருக்கு ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் ஊத்தப்பம் ஊற்றிய கணக்கு அது. கதவு இடுக்கு நிஜத்தில் 4 மில்லிமீட்டர் என்றால் இங்கே 0.17தான். இரண்டு கோட்டில் தூர்ந்துவிடும். அதனால் பெயிண்டுக்கு முன்பே ஊசியால் அந்தக் கோடுகளைக் கீறி ஆழப்படுத்திக்கொள்வோம்.

நம் ஊர் வானிலையும் சேர்ந்து விளையாடும். என் ஸ்பிரே அறை என்பது மாம்பழம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து ஜன்னலோரம் வைத்தது. ஏப்ரல் வெயிலில் அடித்தால் பெயிண்ட் காரைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, மாவு தூவியது போலச் சொரசொரப்பாக விழும். ஐப்பசி மழையில் அடித்தால் வேறு கூத்து. பளபளக்கும் கறுப்பு அடித்தால் பத்து நிமிடத்தில் சாம்பல் பூசிக்கொள்ளும். மண்பானையில் தண்ணீர் ஆவியாகிப் பானை குளிர்வது போல, கரைப்பான் வேகமாகப் பறக்கும்போது பெயிண்ட் பரப்பு சில்லிடுகிறது. ஈரக்காற்று அதன்மேல் பட்டால், குளிர்ந்த சொம்பின் வெளியே வியர்ப்பது போல நுண்துளிகள் படியும். அவை படலத்துக்குள் மாட்டிக்கொண்டு ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை தெரிகிறது. "வெள்ளை பூத்துடுச்சா? மெதுவா காயற தின்னர் போடு" என்பார் டிங்கரிங் அண்ணன். மெதுவாக ஆவியானால் அவ்வளவாகக் குளிராது. மாட்டிய ஈரமும் வெளியேற நேரம் கிடைக்கும்.

இஷ்டப்படி மாற்றுவதில் எனக்கு ரேஸ் கார் மோகம் இல்லை. இப்போது ஒரு ஜப்பான் செடானை டிராவல்ஸ் வண்டியாக்கிக்கொண்டிருக்கிறேன். டி.என். 24 என்று நம்பர் பிளேட், கூரையில் கேரியர், முன்னால் எலுமிச்சை மிளகாய். கேரியர் கம்பிகள் எல்லாம் வெட்டிப்போட்ட ரன்னர் குச்சிகள்தான். அகல் விளக்குச் சுடருக்கு மேலே, சுடர் படாமல் உருட்டிக்கொண்டே இருந்தால் நடுவில் பளபளவென்று தொய்யும். சுடரை விட்டு விலக்கி, ஒரு மூச்சு விட்டு, இழுத்தால் முடி போல நீளும். வேகமாக இழுத்தால் மெலிசு, மெதுவாக இழுத்தால் தடிமன். பசைப் பாட்டில் அருகில் இருக்கவே கூடாது, அது தீப்பிடிக்கும்.

கடைசியாக டயர். பாவம் போல இருக்கும் இந்தக் கறுப்பு வளையத்தை நம்பக் கூடாது. பல கிட்களில் அது மென்மையான பி.வி.சி. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, வளைய வேண்டுமென்று எண்ணெய் போன்ற மென்மையாக்கி ஒன்றைக் கலப்பார்கள். அது உள்ளேயே சும்மா இருக்காது. வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் போகும். என்னிடம் பல வருடம் திறக்காமல் கிடந்த ஒரு கிட்டில், கண்ணாடித் துண்டின் மேல் டயர் சாய்ந்தே இருந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் முன்கண்ணாடியில் டயரின் பட்டன்கள் வரிசையாகப் பதிந்து, அந்த இடம் பிசுபிசுவென்று குழைந்திருந்தது. அணையில் ஐந்து நிமிடத்தில் நடந்ததே இங்கே சத்தமில்லாமல் ஆண்டுகளில் நடந்திருக்கிறது.

அதனால் டயரை மாட்டுவதற்கு முன் சக்கரத்தைச் சுற்றி ஒரு சுற்று டெஃப்லான் டேப் போட்டுவிடுகிறேன், குழாய் மரைக்குச் சுற்றும் அதே வெள்ளை டேப். மென்மையாக்கி அதைத் தாண்டாது. போன ஞாயிறு நாலு சக்கரத்துக்கும் சுற்றியது அக்கா மகள்தான். மிச்சத்தை அவள் தெர்மாகோல் பெட்டியில் போட்டுவைத்திருக்கிறாள். எதற்கென்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.