பிடித்த கரியமில வாயு கடைசியில் எங்கே போகிறது?

நான் கெமிக்கல் இன்ஜினியர் என்று தெரிந்ததும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துவிடலாமாமே சார், அப்புறம் நிலக்கரியை எரித்தால்தான் என்ன?" பிடிக்கலாம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பிடித்ததை என்ன செய்தார்கள் என்று கேட்காமல் எந்தத் திட்டத்தையும் நம்பிவிடாதீர்கள்.

தூத்துக்குடியையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு சோடா ஆஷ் (கண்ணாடி செய்யப் பயன்படும் வெள்ளைத் தூள்) ஆலையில், ஐஐடி கரக்பூரில் படித்த இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில், நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் வாயுவைப் பிடிக்கும்படி அமைத்தார்கள், அதுவும் அரசு மானியம் இல்லாமல். உப்பு, அம்மோனியாவோடு இந்த வாயுவும் சேர்ந்தால்தான் சோடா ஆஷ். மூலப்பொருளே புகைபோக்கியில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிடிக்கும் முறை பழையதுதான். கோபுரத்தின் அடியில் புகையை விட்டு, மேலிருந்து அமீன் என்ற ரசாயனத்தின் கரைசலை இறக்கினால் அது கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும், பிறகு இன்னொரு கோபுரத்தில் சுமார் 120 டிகிரிக்குச் சூடேற்றினால் விட்டுவிடும். பற்ற வைப்பது சுலபம், விட வைக்கத்தான் நீராவியைக் கொட்ட வேண்டும். இந்தக் கோபுரங்களோடு வேலை பார்த்தவரை, ஷிப்டில் என் கண் அதிகம் இருந்தது நீராவி மீட்டரில்தான். அனல் மின் நிலையம் என்றால் டர்பைனுக்குப் போக வேண்டிய நீராவி இங்கே வந்துவிடும், அந்த அளவுக்கு மின்சாரம் குறையும்.

சரி, அந்த சோடா ஆஷ் எங்கே போகிறது? கண்ணாடி உலைக்குப் போனால், மணலோடு உருகும்போதே அதிலிருக்கும் வாயு மறுபடி காற்றில் கலந்துவிடும். இதைப் பயனற்றது என்று சொல்லமாட்டேன், இதற்கென்று தனியாக வாயு தயாரிக்கும் செலவும் புகையும் மிச்சம். ஆனால் இதைச் சேமிப்பு, அதாவது வாயுவைக் காற்றில் கலக்காமல் பூட்டி வைப்பது, என்று கணக்கெழுதினால் தப்பு.

சேமிப்பு என்றால் நார்வேயின் ஸ்லைப்னர் என்ற கடல் எரிவாயு வயல். 1991இல் அரசு, காற்றில் விடும் கரியமில வாயுவுக்கு கார்பன் வரி போட்டது, 1996 முதல் இயற்கை வாயுவிலிருந்து பிரித்த கரியமில வாயுவை, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில், கடலடிக்குக் கீழே உப்புநீர் ஊறிய மணற்பாறையில் இறக்கினார்கள். ஐஸ்லாந்தில் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள், சோதனையில் இரண்டே ஆண்டுக்குள் பெரும்பகுதி கல்லாகவே மாறிவிட்டது.

உங்கள் ஊர் ஆலை "நாங்களும் கார்பன் பிடிக்கிறோம்" என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சொன்னால் எழுந்து கேளுங்கள்: அந்த நீராவி எதை எரித்து வருகிறது, பிடித்த வாயு எத்தனை வருடம் வெளியே வராமல் இருக்கும்? பதிலை டன் கணக்கில், எழுத்தில் வாங்குங்கள்.