நியான் டெட்ராவோட நீலம் சாயம் கிடையாது

நியான் டெட்ராங்கற குட்டி அலங்கார மீன புதுசா வாங்கினவங்க மறுநாள் விடியக்காலைல டேங்க் லைட்ட போட்டதும் பதறிடுவாங்க, நேத்து பளபளன்னு மின்னுன நீலக்கோடு மங்கிப்போய் ஊதாவா கிடக்கும், உடனே கடைக்காரருக்கு போன். கொஞ்ச நேரம் பொறுத்தா தானா திரும்பி வந்துடும்.

ஏன்னா அந்த நீலம் சாயமே இல்ல. அந்தக் கோட்டுல இருக்குற செல்லுக்குள்ள குவானின் (நம்ம டிஎன்ஏல இருக்கே, அதேதான்) மெல்லிசு மெல்லிசா படிகத் தகடுகளா அடுக்கி இருக்கும். ஒவ்வொரு தகட்டுலயும் பட்டுத் திரும்புற ஒளி ஒண்ணோட ஒண்ணு கலக்கும்போது சில அலைநீளம் மட்டும் வலுவாகும், மத்ததெல்லாம் அடங்கிடும், சோப்புக் குமிழில கலர் தெரியுதே அந்த மாதிரி. தகடுக்கு நடுவுல இருக்குற இடைவெளிதான் கலர முடிவு பண்ணுது. வெளிச்சத்துல இடைவெளி கூடி நீலப்பச்சை, இருட்டுல நெருங்கி ஊதா.

அதே மீன் உடம்புல இருக்குற சிவப்பு வேற, அது நிஜ நிறமி, தீனில இருக்குற கரோட்டினாய்டுங்கற நிறப்பொருள்லேருந்து வர்றது. அதனால கலர் ஏத்துற தீனின்னு விக்கிறது சிவப்புக்கு கொஞ்சம் உதவலாம், நீலத்துக்கு அத நம்பி காசு போடாதீங்க.

இதோட சொந்த ஊரு பெரு, கொலம்பியா, பிரேசில் பக்கம் மேல் அமேசான் ஓடைங்க. இலை மக்கி டீத்தண்ணி கலர்ல இருக்கும், உப்பு ரொம்ப கம்மி, அமிலத்தன்மை ஜாஸ்தி. நம்ம வீட்டு போர் தண்ணி நேர் எதிர். இப்ப கடைல கிடைக்குறது பெரும்பாலும் பண்ணைல பொரிச்சது, அதனால ஓரளவு தாங்கும், இருந்தாலும் ஆர்ஓ தண்ணி கலந்து, காஞ்ச பாதாம் இலை ஒண்ணு ரெண்டு போட்டு, 22லேருந்து 26 டிகிரில வச்சா நல்லது. புதுசா செட் பண்ண டேங்க்ல மட்டும் உடனே விடாதீங்க, சாகுறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. பத்து மீனாவது சேர்த்து விடுங்க, ரெண்டு மூணுன்னா பயந்து மூலைலயே கிடக்கும். வளர்ந்த ஏஞ்சல் மீனோட சேர்த்து விடவே வேணாம், முழுங்கிடும்.

ராத்திரி மங்குறது சரி, ஆனா பட்டப்பகல்ல ஒரு மீன் மட்டும் உடம்புல திட்டா வெளுத்து, கூட்டத்த விட்டு தனியா திரிஞ்சா அது நியான் டெட்ரா நோயா இருக்கலாம், பிளீஸ்டோஃபோரான்னு ஒரு ஒட்டுண்ணி தசைக்குள்ள பெருகுறது. நம்பி குடுக்க மருந்து இல்ல. உடனே தனி டேங்க்குக்கு மாத்துங்க, செத்துட்டா மத்தது கொத்துறதுக்குள்ள எடுத்துடுங்க, அத தின்னாதான் முக்கியமா பரவும்.