பணம் போட்டாச்சாம், பாஸ்புக்கில் காணோம்

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பிஎம் கிசான் தவணை இரண்டைக் காணோம் என்று ஏழு மாதம் அலைந்தார். வேளாண்மை அலுவலகத்தில் "பணம் ஏறிடுச்சும்மா, பேங்க்ல கேளுங்க" என்றார்கள். பேங்கில் "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு, எங்களுக்கு எதுவும் வரலை" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் பொய் இல்லை. 4,000 ரூபாயும் அவர் மறந்தே போயிருந்த ஒரு கணக்கில் கிடந்தது. சிம் வாங்கிய கடையில் கைரேகை வைத்தபோது தொடங்கிய கணக்கு அது.

அரசு உதவித்தொகையை நேராக வங்கிக் கணக்கில் போடும் நேரடிப் பணப் பரிமாற்றம் 2013-இல் வந்தது. வரலாறு அவ்வளவு போதும். பல திட்டங்களில் பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணுக்குப் போவதில்லை, ஆதார் எண்ணுக்குப் போகிறது. அந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையே பணம் போகும் வழியை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடா நிறுவனம்) ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. பேங்க்காரர்கள் அதை மேப்பர் என்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு வங்கிதான் அதில் இருக்கும். கடைசியாக எந்த வங்கி ஏற்றியதோ, அது.

மாட்டிக்கொள்வது இங்கேதான். கேஒய்சிக்காக, அதாவது நீங்கள் யார் என்று வங்கி சரிபார்க்க, ஆதார் நகல் கொடுப்பது வேறு, மானியம் வாங்க மேப்பரில் ஏற்றுவது வேறு. முதலாவதை எத்தனை வங்கியில் வேண்டுமானாலும் செய்யலாம். கவுண்டரில் இரண்டுக்கும் "லிங்க்" என்றே பேர், அதனால் "லிங்க் ஆயிடுச்சா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "என்பிசிஐ மேப்பரில் என் ஆதாருக்கு எந்த பேங்க் இருக்கு?" என்று கேளுங்கள்.

அதற்கும் முன்னால் நீங்களே பார்த்துவிடலாம். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்தால் வங்கி இணைப்பு நிலை தெரியும்: வங்கியின் பெயர், செயலில் இருக்கிறதா இல்லையா, மாறிய தேதி. ஆதாரில் பழைய செல் நம்பர் இருந்தால் ஓடிபி வராது. முதலில் அதை மாற்றியாக வேண்டும். இன்னொன்று, தளம் வங்கியைத்தான் சொல்லும், எந்தக் கணக்கு என்று சொல்லாது. ஒரே வங்கியில் உங்களுக்கு இரண்டு கணக்கு இருந்தால் இரண்டு பாஸ்புக்கையும் என்ட்ரி போட்டுப் பாருங்கள்.

வேறு வங்கியின் பெயர் வந்ததா? சரி, பணம் வரவேண்டிய வங்கியில் ஆதார் சீடிங் (மேப்பரில் ஏற்றுவது) ஒப்புதல் படிவம் கேளுங்கள். முன்பிருந்த வங்கியின் பெயரையும் அதில் எழுத வேண்டும். ஆதார் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு "போங்க, ஆயிடும்" என்றால் நகராதீர்கள். தேதியும் முத்திரையும் போட்ட ரசீதுதான் அடுத்த முறை பேசும். சில நாள் கழித்துத் தளத்தில் மறுபடி பாருங்கள். கணக்கு முடங்கியிருந்தால் கேஒய்சி கொடுத்து எழுப்புங்கள். அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

ஏற்கெனவே ஏறிய பணத்துக்குத் திரும்ப மனு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தக் கணக்கும் உங்களுடையதுதான், அங்கேயே போய் எடுக்கலாம். கோபத்தில் அதை உடனே மூடிவிடாதீர்கள். மேப்பர் மாறுவதற்குள் மூடினால் அடுத்த தவணை திரும்பிப் போய்விடும், அப்புறம் மறுபடி வேளாண்மை அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.