ரீச்சரின் தோளில் என்ன நடக்கிறது?

ஜனவரி மாதம், முன்பள்ளி தொடங்கிய முதல் கிழமை. தங்கச்சியின் மகளைக் கொண்டுபோய் விடுவதற்காகப் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு சிறிய முன்பள்ளிக்குப் போயிருந்தேன். தகரக் கூரை, அரைச்சுவர், அதற்கு மேலே கம்பி வலை, முற்றத்தில் ஒரு வேப்பமரம். படலையடியில் ஒரு பொடியன் அம்மம்மாவின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். மூன்றரை வயதிருக்கும். தாய் வெளிநாட்டில் வேலை. அம்மம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ரீச்சர் வந்தார். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவன் முகத்துக்கு நேரே குந்தி இருந்தார், முதுகுப்பையைக் கழற்றினார், தூக்கி இடது தோளில் போட்டுக்கொண்டார். வேப்பமரத்தடியில் மெதுவாக அசைந்தபடி, "ஓம் மனே, ஓம்… அம்மம்மா மறுகா வருவா" என்று தணிந்த குரலில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலறல் விசும்பலாக மாற ஐந்து நிமிடம். விசும்பல் விக்கலாக இன்னும் இரண்டு நிமிடம். அப்புறம் ஒரு நீண்ட பெருமூச்சு. உடம்பு முழுக்கத் தளர்ந்து தலை தோளில் சாய்ந்தது. ஒரு கண் மட்டும் ஊஞ்சலைப் பார்த்தது.

அந்த ஏழு நிமிடத்தில் இரண்டு உடம்புகளுக்குள் நிறைய வேலை நடந்திருக்கிறது.

பயம் வந்ததும் முதலில் ஓடுவது அதிரினலின். நரம்புகள் தரும் தகவலால் இரத்தத்தில் கலந்து, சில நொடிகளிலேயே இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். அதற்குப் பின்னால் மெதுவான இன்னொரு பாதை திறக்கும். மூளையின் அடியில் இருக்கும் பரிவகக்கீழ் கபச்சுரப்பிக்குத் தகவல் அனுப்பும். கபச்சுரப்பி, சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி வைத்ததுபோல் இருக்கும் அதிரீனல் சுரப்பிகளைத் தட்டி எழுப்பும். அங்கிருந்து கோர்ட்டிசோல் என்ற ஓமோன் இரத்தத்தில் கலக்கும். இது உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடமாகும். அதனால்தான் அழுகை நின்ற பிறகும் பிள்ளை கொஞ்ச நேரம் விளையாட்டில் சேராமல் ஒதுங்கி நிற்கும். உடனே போய் மணல் அள்ளு, பாட்டுப் பாடு என்று அவசரப்படுத்தினால் பலன் இல்லை. உள்ளே கோர்ட்டிசோல் இன்னும் அடங்கவில்லை.

வளர்ந்தவர்களுக்கு இந்த ஓட்டத்தை நிறுத்த ஒரு பிரேக் உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி, "பரவாயில்லை, பின்னேரம் வீட்டுக்குப் போய்விடலாம்" என்று கணக்குப் போட்டு உடம்பை அடக்கும். அந்தப் பகுதி முழுமையாக முதிர்வதற்கு இருபத்தைந்து வயது வரை ஆகும். மூன்றரை வயதுக்காரனிடம் அது இப்போதுதான் முளைவிட்டிருக்கிறது. அதனால் அவன் பக்கத்தில் இருக்கும் பெரியவரின் பிரேக்கைக் கடன் வாங்குகிறான்.

கடன் வாங்கும் வழி தோல், மூச்சு, குரல். நாம் மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகசு நரம்பு இதயத் துடிப்பைச் சற்றுத் தணிக்கிறது. மூச்சை எவ்வளவு நீளமாக விடுகிறோமோ அவ்வளவு தணிவு. ரீச்சரின் நெஞ்சு மெதுவாக ஏறி இறங்குவதை அந்தப் பிள்ளை தன் வயிற்றால் உணர்கிறான். தணிந்த குரல் காதுக்கு ஓசையாகப் போகிறது, நெஞ்சோடு ஒட்டிய இடத்தில் அதிர்வாகவும் போகிறது. சொல்லப்பட்ட சொற்களில் பாதிதான் அவனுக்கு விளங்கியிருக்கும். மூச்சும் குரலும் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, அந்தப் பெரியவரே இறுகிப்போய் இருந்தால்? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் 1970களில் ஒரு எளிய பரிசோதனை செய்தார். தாய் தன் கைக்குழந்தையோடு சிரித்துப் பேசி விளையாடிக்கொண்டிருப்பார். சொன்னவுடன் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிடம் குழந்தையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். அவ்வளவுதான். குழந்தை முதலில் சிரித்துக் கூப்பிடும், கையை நீட்டும், பிறகு முகத்தைத் திருப்பும், கடைசியில் அழும். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. தனக்குப் பதில் தரும் முகம் காணாமல் போனதே அதற்குப் போதுமான அதிர்ச்சி. களைத்துப்போன ஒருவரின் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அதில் கோபம் இராது, அசைவும் இராது.

கோர்ட்டிசோல் உமிழ்நீரிலும் இருக்கும். ஊசி குத்தாமல், பஞ்சை வாயில் வைத்து மெல்லும்படி சொல்லி அளந்துவிடலாம். சாதாரணமாக அது காலையில் கூடி, நேரம் போகப் போகக் குறைந்துகொண்டு வரும். அமெரிக்காவில் முழுநாள் பராமரிப்பு நிலையங்களில் இருந்த பிள்ளைகளிடம் இதை அளந்த ஆய்வொன்று 2003 இல் வந்தது. நடை பழகிய வயதுப் பிள்ளைகளில் 71 சதவீதமானோருக்கு நிலையத்தில் இருந்த நாட்களில் பின்னேரமாகும்போது கோர்ட்டிசோல் கூடியிருந்தது. வீட்டில் இருந்த நாட்களில் 64 சதவீதமானோருக்குக் குறைந்திருந்தது. இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பயப்பட வேண்டாம். கூடும் அளவு சிறியது, அது ஒரு நோய்க்குறியும் இல்லை. நம் ஊர் முன்பள்ளிகள் பெரும்பாலும் மதியத்துக்கு முன்னரே விட்டும் விடுகின்றன. எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தத் துறையின் மற்ற ஆய்வுகளில் வந்த இன்னொரு செய்தி. பிள்ளையின் தேவையைப் பார்த்துப் பதில் தரும் பராமரிப்பாளர் இருக்கும் இடங்களில் அந்த ஏற்றம் குறைவாக இருந்தது. பொம்மையும் சுவர்ப் படமும் செய்யாத வேலையை ஒரு ஆள் செய்கிறார்.

அந்த ஆளைப் பற்றித்தான் நாங்கள் பேசுவதே இல்லை. பிள்ளைக்கு என்ன சாப்பாடு, நகம் வெட்டியிருக்கா, தண்ணீர்ப் போத்தல் கழுவியதா என்று எல்லாம் கேட்கிறோம். ரீச்சர் காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டதில்லை. அவர் விடிய நாலரைக்கு எழும்பித் தன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்து, பஸ் பிடித்து வந்து, இருபத்தெட்டுப் பிள்ளைகளோடு தனியாக நிற்கிறார். கையில் கிடைப்பது சம்பளம் என்று சொல்லக் கூச்சப்படும் சிறு கொடுப்பனவு. இன்னொன்றும் இருக்கிறது. இன்று முப்பது வயதில் இருக்கும் ஒரு ரீச்சர், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது பால்பல் விழும் வயதில் இருந்தவர். யுத்தம் முடிந்தபோது பள்ளி மாணவி. அவருடைய உடம்பும் சிறு வயதில் நிறையச் சத்தங்களுக்குப் பழகியது. அந்தத் தோளைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கடன் கேட்கிறோம்.

மாரியில் ஒரு நாள் போய்ப் பார்த்தால் தெரியும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பக்கத்தில் நிற்பவர் சொல்வதே கேட்காது. சுற்றுச் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரல் உயரும். எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911 இல் இதை விவரித்தார், இன்றைக்கும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் இதே விதிதான். மழைக்கு மேலே பிள்ளைகள் கத்த, பிள்ளைகளுக்கு மேலே ரீச்சர் கத்த, அதற்கு மேலே மறுபடி பிள்ளைகள். பெண் ஒருவர் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு நிமிடம் தொடர்ந்து குரல் எழுப்பினால் 12,000 மோதல். கத்தும்போது மோதலின் வேகமும் அழுத்தமும் கூடும், நாள்பட்டால் நாண்களில் காய்ப்புப் பிடிக்கும். ஆசிரியர்களுக்குத் தொண்டை கட்டுவது மற்றத் தொழில்காரரைவிட அதிகம். பிள்ளையின் மூளையோ உயர்ந்த கூர்மையான குரலை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளும். மழைக்காகக் கத்துகிறார் என்று அதற்குத் தெரியாது. நான் பார்த்த ரீச்சர் மழை தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டுக் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தார். பிள்ளைகள் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மழை விடும் வரைக்கும் ஒரு சொல் இல்லை. அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

இனித் தடிமன். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறு எட்டுத் தடவை தடிமன் பிடிப்பது வழமை. முன்பள்ளி சேர்ந்த முதல் வருடம் இன்னும் கூடலாம். "அங்கே விட்டதில் இருந்து பிள்ளைக்குச் சளிதான்" என்று தாய்மார் சொல்வது உண்மைதான், ஆனால் கதை அதோடு முடியவில்லை. அமெரிக்காவின் டூசன் நகரில் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவு 2002 இல் வந்தது. சிறு வயதில் பெரிய பராமரிப்பு நிலையங்களுக்குப் போனவர்களுக்கு இரண்டு வயதில் தடிமன் கூட. ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரை மற்றவர்களைவிடக் குறைவு. பதின்மூன்று வயதில் வித்தியாசமே இல்லை. உடம்பு வைரசுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. சின்னமுத்து போன்றவற்றை இப்படிப் பிடித்துப் பழக விடக் கூடாது. அதற்குத்தான் இலங்கையில் ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் எம்எம்ஆர் தடுப்பூசி, சின்னமுத்து, கூகைக்கட்டு, றுபெல்லா மூன்றுக்கும் சேர்த்து. முன்பள்ளியில் சேர்க்கும் போதே சுகாதாரப் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இருபத்தெட்டு மூக்குக்கும் நடுவில் இருப்பவர் ரீச்சர். பிரித்தானியாவில் 394 தொண்டர்களின் மூக்கில் தடிமன் வைரசைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். 1991 இல் வெளியான அந்த ஆய்வில், மன அழுத்தம் கூடக் கூடத் தொற்றுப் பிடிப்பதும் கூடியது. 2015 இல் 164 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணித்தியாலத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல். ஆக, களைத்த ரீச்சருக்கு நோய் எளிதில் பிடிக்கும், அவர் கையால் இருபத்தெட்டுப் பேருக்கும் திரும்பிப் போகும்.

கையைப் பற்றி ஒரு சங்கதி. தடிமனுக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோ வைரசு, கை கால் வாய் நோய் வைரசு, வயிற்றோட்டம் தரும் ரோட்டா வைரசு மூன்றுக்கும் கொழுப்பு உறை கிடையாது. உறை உள்ள வைரசைச் சவர்க்காரம் உடைத்துவிடும். இவற்றை உடைக்காது, தோலிலிருந்து கிளப்பி மட்டும் விடும். கிளம்பியதை அள்ளிக்கொண்டு போக ஓடும் தண்ணீர் வேண்டும். ஒரே பேசினில் எல்லாப் பிள்ளைகளும் கையை முக்கி ஒரே துவாயில் துடைத்தால், கிளப்பிய கிருமியைப் பங்கு போட்டுக் கொடுத்ததாகத்தான் முடியும். குழாய் பூட்டிய ஒரு வாளி இந்தச் சிக்கலைத் தீர்க்கும். இருபது நொடி தேய்க்க வேண்டும். ரீச்சருக்கும் இதே கணக்குத்தான், மூக்குத் துடைத்த பிறகு, மலசலகூடத்துக்குக் கூட்டிப்போன பிறகு, சாப்பாடு கொடுக்க முன்.

விடிய ஆறரைக்குப் பனடோல் பாணி கொடுத்துப் பிள்ளையை அனுப்பும் வீடுகள் உண்டு. பழி சொல்ல மனம் வரவில்லை, கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் நிற்பது என்றால் அன்றைய உலை. ஆனால் அந்த மருந்து சூட்டைத்தான் குறைக்கும், வைரசைத் தொடாது. நாலு ஆறு மணித்தியாலத்தில் அதன் வேலை முடியும். பத்தரை, பதினொன்றுக்குப் பிள்ளை பாயில் சுருண்டு படுக்கும். அதுவரைக்கும் எல்லோரோடும் விளையாடியிருக்கும். "ராத்திரிக் காய்ச்சல், மருந்து குடுத்தனான் ரீச்சர்" என்று படலையடியில் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக, யாரும் வாய் திறக்காத விஷயம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தத் தகரத்தின் கீழ் வேர்த்து ஊற்றும். ரீச்சர் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் மலசலகூடம் போக வேண்டும், போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது? பெண்களின் சிறுநீர்க் குழாய் நாலு சென்டிமீற்றர் அளவுதான், கிருமி உள்ளே போக நீண்ட வழியில்லை. அடிக்கடி சிறுநீர் வெளியேறுவதே அதைக் கழுவித் தள்ளும் முறை. குடிக்காமலும் போகாமலும் நாலு மணித்தியாலம் அடக்கினால் கிருமிக்குப் பெருக நேரம் கிடைக்கிறது. எரிவும் அடிவயிற்று வலியுமாக அவர் மறுநாளும் வந்து பிள்ளையைத் தூக்குவார்.

இதற்கு வேண்டியது இன்னொரு பெரியவர், ஒரு பத்து நிமிடத்துக்கு. நான் சொன்ன முன்பள்ளியில் தாய்மாரும் அம்மம்மாமாரும் முறை வைத்துக்கொண்டார்கள், நாளுக்கு ஒருவர் பத்து மணி வரை நிற்பது என்று. பெரியவர் இருக்கக்கூடிய உயரத்தில் ஒரு கதிரை வாங்கிப் பின்பக்கம் போட்டார்கள். தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் கிழமைக் கணக்கில் போகும் ரீச்சருக்கு அது போதாது. குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லலாம், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

மார்ச் மாதம் மறுபடி போனபோது அந்தப் பொடியன் பாயில் இருந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இடையில் தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தான்.

"ரீச்சர் எங்க?"

"தேத்தண்ணி குடிக்கிறா மனே, இப்ப வருவா" என்றார் முறைக்கு வந்திருந்த தாய்.

"ம்" என்றுவிட்டு அடுத்த கட்டையை எடுத்து வைத்தான்.