மின்வினையூக்கி: சொல் விளக்கம்

'கேட்டலிசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அவிழ்த்தல், கலைத்தல் என்று பொருள். 1835இல் அதை வேதியியலுக்குக் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ். 'கேட்டலிஸ்ட்' அதிலிருந்து வந்தது. தமிழில் முன்பு 'கிரியா ஊக்கி' என்றார்கள். 'வினையூக்கி' இப்போது பாடநூல்களில் நிலைத்துவிட்டது. தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருள் அது. அந்த வேலையை மின்முனையின் பரப்பில் செய்வது மின்வினையூக்கி.

இன்னொரு சொல் 'ஆன்டிபயாடிக்'. அதற்கு 'நுண்ணுயிர்க்கொல்லி'யைவிட 'நுண்ணுயிர் எதிர்ப்பி'யே சரி. டெட்ராசைக்ளின் போன்றவை பாக்டீரியாவைப் பெரும்பாலும் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கின்றன.

இந்த இரண்டு சொற்களும் சந்திக்கும் இடம் கழிவுநீர். ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி இருந்ததாக 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. மாத்திரை உட்கொண்ட நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது! அந்த நீரில் பிழைக்கும் பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காதவையாக மாறுகின்றன என்பதுதான் பேரச்சம்.

நீரிலிருந்து இந்த மருந்தைக் களையும் முறையை 'அகற்றல்' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கரித்தூள் வடிகட்டியும் அகற்றத்தான் செய்கிறது. ஆனால் மருந்து நீரைவிட்டுக் கரிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மின்வினையூக்கி மூலக்கூறையே உடைக்கிறது. போரான் கலந்த வைரப் பூச்சுள்ள நேர்மின்முனையில் மின்சாரம் பாயும்போது, நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் என்ற, வினைபுரியும் வேகம் மிகுந்த துகள்கள் பிறக்கின்றன. கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிடும் அவை, அதற்குள் எதிர்ப்படும் கரிமச் சேர்மத்தைத் தாக்கிவிடுகின்றன. சிப்ரோஃப்ளாக்சசினில் பெரும்பாலும் மூலக்கூறின் ஒரு பகுதியான பைப்பரசின் வளையம் முதலில் திறக்கிறது. ஃப்ளூரின் ஃப்ளூரைடாகப் பிரிகிறது. வினை முழுமையடைந்தால் மூலக்கூறிலுள்ள கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். ஆகவே 'மின்வினையூக்கச் சிதைப்பு' என்பதே பொருத்தமான தமிழ்.

வினை பாதியில் நின்றால் சிக்கல். மருந்தின் வீரியத்துக்கு அடிப்படையான மையப் பகுதி, அதாவது குயினலோன் கரு, உடையாத துண்டுகளில் மருந்தின் வீரியம் ஓரளவு எஞ்சலாம். கழிவில் உப்பு இருந்தால் குளோரின் ஏறிய புதுச் சேர்மங்களும், வைர மின்முனையில் பெர்குளோரேட் என்ற நச்சுப் பொருளும் உருவாகும். எனவே மருந்தின் அளவு குறைந்ததைக் காட்டும் வரைபடம் மட்டும் போதாது. வெளிவரும் நீரைப் பாக்டீரியாவோடு சேர்த்து வைத்து, அதன் வளர்ச்சி தடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.