அது கரையான் குஞ்சு இல்லை, மருந்து அடிக்காதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. குழந்தையின் மெத்தை நனையும் அளவுக்குப் பூச்சி மருந்து அடித்திருந்தார்கள். ஊர்ந்துகொண்டிருந்தவையோ ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத, இறக்கையில்லாத, வெளிறிய புத்தகப் பேன்கள். இதே கதையை இன்னும் எத்தனை வீடுகளில் பார்ப்பது? பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் இருக்கும் நானே மருந்து வேண்டாம் என்கிறேன், கொஞ்சம் கேளுங்கள்.

இது கரையான் குஞ்சு இல்லை, உங்கள் கதவு நிலையை அரிக்காது. மூட்டைப்பூச்சியும் இல்லை, பேன் என்ற பெயர் இருந்தாலும் தலைப் பேனும் இல்லை. கடிக்காது, இரத்தம் குடிக்காது. குழந்தைக்குத் தடிப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், மெத்தையைத் தூக்கி எறியாதீர்கள். இதன் சாப்பாடு பெரும்பாலும் நம் கண்ணுக்கே தெரியாத பூசணம். மருந்து அடித்தால் மேலே திரிவது சாகும், பூசணமும் ஈரமும் அப்படியே இருக்கும், அப்புறம் முட்டை பொரித்துத் திரும்ப வரும். வீடுகளில் அதிகம் காணும் வகையில் ஆண் துணையே தேவையில்லை, ஒரே ஒரு பெண் மிஞ்சினாலும் போதும். வீடு அழுக்கு என்று யாரும் கூச்சப்படவும் வேண்டாம். சிமெண்டு ஈரம் காயாமல் பூட்டிக் கிடக்கும் புத்தம்புது கொண்டோ அடுக்குமாடி வீடுகளில்கூட இது மொய்க்கும்.

காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே சில வாரம் நின்றால் புத்தகப் பேன் உடல் வற்றிச் செத்துவிடும். கோலாலம்பூரில் வெளிக்காற்றே பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, மழை விட்டதும் ஜன்னலைத் திறந்து வைத்தால் அந்த ஈரத்தை நீங்களே உள்ளே அழைக்கிறீர்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி அறையில் வையுங்கள், விலை அதிகமில்லை. ஏர்கோனை ஈரம் குறைக்கும் 'டிரை' முறையில் ஓடவிடுங்கள், முடிந்தால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்குங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், குளியலறைச் சுவரை ஒட்டியிருந்தால் கட்டாயம். பால்கனியில் காயப்போட நிர்வாகம் விடவில்லை என்று படுக்கையறையில் ஈரத்துணி தொங்கவிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அரிசி, மாவை இறுக்கமான டப்பாவில் போடுங்கள். பூசணம் பிடித்த அட்டைப்பெட்டியை எதற்கு வைத்திருக்கிறீர்கள்? தூக்கிப் போடுங்கள்.

சுவரில் மண்ணால் கட்டிய மெல்லிய குழாய் போன்ற தடம் தெரிந்தால் அது கரையான், அப்போது எங்களைக் கூப்பிடுங்கள். வாடகை வீட்டில் தண்ணீர்க் குழாய் கசிந்தால் வீட்டுக்காரருக்குப் படத்தோடு எழுதி அனுப்புங்கள், அந்தக் கசிவை அடைக்காமல் வேறு எது செய்தும் பயனில்லை.