'உலாவுக' என்றால் எங்கே போவது?

ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பட்டியலில் இரண்டு பொத்தான்கள் அருகருகே இருக்கின்றன: 'தேடுக', 'உலாவுக'. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி இரண்டாவதை ஒன்றரை ஆண்டாகத் தொட்டதே இல்லை. ஏனம்மா என்று கேட்டேன். "உலாவி திறந்து வேறு எங்கேயாவது கொண்டுபோய்விடும் என்று நினைத்தேன், சார்" என்றாள். அவள் மீது பிழையில்லை.

அந்தப் பொத்தானின் ஆங்கிலப் பெயர் 'பிரவுஸ்'. இணையப் பக்கங்களைத் திறக்கும் 'பிரவுசர்'தான் தமிழில் 'உலாவி'. இந்த 'பிரவுஸ்' பழைய பிரெஞ்சில் இளந்தளிரைக் குறித்த சொல்லின் வழி வந்தது. ஆடும் மானும் தழை கடிப்பதைச் சொல்லி, பிறகு புத்தகங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்ப்பதற்கும், கடைசியில் கணினிக்கும் ஆகிவந்தது. நேர்த்தமிழ் 'மேய்தல்'. நாமோ 'நுனிப்புல் மேய்கிறான்' என்று திட்டுவதற்கு அதை வைத்திருக்கிறோம். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

நூலகப் பட்டியலில் இந்தச் சொல்லுக்குப் பொருள் இன்னும் குறுகியது. தேடினால், கொடுத்த சொல் நூற்குறிப்பில் எங்கே இருந்தாலும் பிடித்து வரும். மற்ற பொத்தான் அப்படியல்ல. ஆசிரியர், தலைப்பு, பொருள் என ஏதாவது ஒரு நிரலில், அதாவது வரிசைப் பட்டியலில், நாம் சொன்ன எழுத்துக்கு நேரே போய் நின்று, அதன் முன்னும் பின்னும் இருப்பதைக் காட்டும்.

உ.வே.சா. பதிப்புகள் வேண்டும் என்று வையுங்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பைப் பின்பற்றும் பட்டியல்களில் அவர் பெயர் ஆங்கில 'எஸ்' எழுத்தில் இருக்காது. 'சாமிநாதையர்' என்று ஒரே சொல்லாக, ஆங்கில 'சி' எழுத்தில், 1855-1942 என்ற ஆண்டுகளோடு இருக்கும். 'ஸ்வாமிநாத ஐயர்' என்று ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவருக்குப் பாதி நூல்கள் தப்பிப்போகும். ஆசிரியர் நிரலைத் திறந்தால், 'இந்தப் பெயரில் பார்க்க' என்ற குறிப்பு சரியான இடத்துக்கு அனுப்பிவைக்கும். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் தூவி (டியூயி) வகைப்பாட்டில் 894.8111 என்று எண்ணைக் கொடுத்தால், தமிழ்க் கவிதை நூல்கள் அடுக்கில் நிற்கும் அதே வரிசையில் திரையில் வரும். யாரோ இரவல் எடுத்துப் போனதால் அடுக்கில் கண்ணுக்குப் படாத நூலும் அதில் இருக்கும்.

இதில் உலாவுவது எங்கே வந்தது? உலா என்றால் தமிழில் என்ன? தலைவன் யானை மீதோ குதிரை மீதோ வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுவகைப் பருவத்து மகளிர் அவனைப் பார்த்து மயங்குவார்கள். உலாப் போகிறவன் பார்க்கிறவன் அல்லன், பார்க்கப்படுகிறவன்! இலக்கியம் வேண்டாம், அன்றாட வழக்குக்கே வருவோம். சாப்பிட்ட பிறகு மொட்டை மாடியில் உலாவுகிறோம்; தென்றல் உலாவுகிறது; வதந்தி உலாவுகிறது. எதற்கும் போய்ச் சேரும் இடம் கிடையாது. அகரவரிசையில் ஓர் எழுத்தின் மேல் விரல் வைப்பது இதற்கு நேர் எதிரான காரியம்.

நூலகத்தில் அடுக்குகளுக்கிடையே நடப்பதும் உலாவுதல்தானே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் திறந்த அடுக்கு முறைக்காக வாதாடியது வாசகர் உலாவுவதற்குத்தானே என்றும் கேட்டார். இல்லை, வாசகர் புத்தகத்தைத் தாமே எடுத்துப் பார்ப்பதற்காக. அடுக்கின் முன் கால் நிற்கிறது, கண்தான் நகர்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவருக்கு அந்தக் காலும் நகரவில்லை.

வேரில் இருக்கும் கோளாறு வேறு. இணையத்துக்கு 'உலாவி' வந்தது, நிலைத்தும்விட்டது. அதைக் கலைக்கச் சொல்லவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் அதையே சாவியாக வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் அந்தச் சொல் வரும் பூட்டையெல்லாம் திறக்கப் பார்க்கிறார்கள். கோப்பு இணைக்கும் இடத்திலும் 'உலாவு', கடைப் பொருள்களுக்கும் 'உலாவு'. பக்கத்தைத் திறந்து அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால் இப்படி எழுத மனம் வராது.

என் சொல் 'புரட்டு'. நூலக இழுப்பறைகளில் பட்டியல் அட்டைகள் இருந்த காலத்தில் நாம் செய்தது அதுதான்: ஓர் எழுத்தில் இழுப்பறையைத் திறந்து, ஒவ்வோர் அட்டையாகப் புரட்டினோம். பெயர்ச்சொல்லாக அது பித்தலாட்டத்தையும் குறிக்கிறதே என்பார்கள். அதனால்தான் 'புரட்டிப் பார்க்க' என்று எழுத வேண்டும். அதிலும் மனம் ஒப்பாதவர்கள் 'வரிசையில் பார்க்க' என்று எழுதட்டும். அழகு குறைவு, ஆனால் யாரும் தவறான வாசலுக்குப் போகமாட்டார்கள்.

அந்த மாணவியிடம் பொத்தானை அழுத்தச் சொன்னேன். பெயர் நிரல் வந்தது. அரை மணி நேரம் தலை நிமிரவில்லை. பிறகு ஒரு நூலின் குறிப்பில், அது அடுக்கில் இருக்கும் இடத்தைச் சொல்லும் 'அழைப்பு எண்' என்பதைக் காட்டி, இது நூலகத்தின் தொலைபேசியா என்று கேட்டாள்.